நடுக்கடலில் செட் ‘ஆஃப்’ ஆனால்? கயாக் பயணமும் கையடக்க ரேடியோவின் பேட்டரி கணக்கும்

தருமபுரி மாவட்டத்தில் கடல் கிடையாது. ஆனாலும் தண்ணீரில் மிதப்பது பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல் பரிசல் ஊரறிந்தது. கொஞ்சம் கீழே, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கும் நாகமரையிலிருந்து எதிர்க்கரைப் பண்ணவாடிக்குப் படகில் போய் வருவது, அந்தப் பக்கத்து மக்களுக்கு பஸ் ஏறுவது மாதிரிதான்.

இந்த ஊர்களிலிருந்து ஓசூர், பெங்களூரு, சென்னை என்று வேலைக்குப் போன இளைஞர்களில் சிலருக்கு இப்போது கயாக் மோகம். கோவளம், புதுச்சேரி, ராமேஸ்வரம் என வார இறுதியில் கிளம்புகிறார்கள். முதலில் ஒரு மணி நேர வாடகை கயாக். அப்புறம் பயிற்சி. அப்புறம் நான்கைந்து பேராகச் சேர்ந்து கரையோரமாக நாள் முழுக்கத் துடுப்புப் போடும் பயணம். அந்தக் கட்டத்தில்தான் ஆன்லைன் கூடையில் ஒரு கையடக்க மரைன் ரேடியோ வந்து விழுகிறது. தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், 5 வாட், ஜி.பி.எஸ். உண்டு என்று எல்லாம் பார்த்து வாங்குகிறார்கள். ஸ்பேர் பேட்டரி மட்டும் ‘அதுதான் பவர்பேங்க் இருக்கே’ என்று கடைசியில் கழற்றி விடப்படுகிறது.

ஒரு விசைப்படகில் இந்தப் பிரச்சினை கிடையாது. என்ஜின் ஓடும் வரை 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். அதிலிருந்தே 25 வாட் வயர்லெஸ் செட்டும் ஓடும். கயாக்கில் என்ஜின் இல்லை. காலையில் கரையை விட்டுக் கிளம்பும்போது பேட்டரிக்குள் என்ன இருக்கிறதோ, அவ்வளவுதான் அன்றைய மின்சாரம். கட்டுமரத்துக்கும் இதே நிலைமைதான்.

ஒகேனக்கல்லில் இந்த செட் உதவுமா?

பலரும் முதலில் கேட்கும் கேள்வி இது. பாறை இடுக்குகளில் போன் டவர் விட்டு விட்டுத்தான் வரும். அங்கே ஒரு மரைன் ரேடியோ இருந்தால் நல்லதுதானே?

உதவாது. முதல் காரணம் எளிமையானது: மறுமுனையில் கேட்க ஆள் வேண்டும். கடலில் சேனல் 16 என்பது, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கான பொதுச் சேனல். கடலோரக் காவல் படையும் கப்பல்களும் அதில் காது வைத்திருக்கும். காவிரியில் அந்தச் சேனலில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. இரண்டாவது, இந்த அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகிறவை. இருபுறமும் செங்குத்துப் பாறை நிற்கும் பள்ளத்தில் அடுத்த வளைவைத் தாண்டுவதே கஷ்டம்.

மூன்றாவது சட்டம். மரைன் அலைவரிசையில் பேச உரிமம் தேவை. அதைத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு வழங்குகிறது. உரிமம் இல்லாமல் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய வாக்கி-டாக்கிகளுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்தி அலைவரிசையை 2018-ல் அரசு விதிவிலக்காக ஒதுக்கியது. அதற்கு வெளியே இயங்கும் செட்களை, உரிமம் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் இணைய அங்காடிகள் விற்றுவந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் அந்த அங்காடிகளுக்கு நோட்டீஸ் அனுப்பி, தனி வழிகாட்டு நெறிமுறைகளையும் கொண்டுவந்தது. ஆகவே ‘ஆர்டர் போட்டேன், வீட்டுக்கு வந்துடுச்சு’ என்பதாலேயே அது சட்டப்படி உங்கள் செட் ஆகிவிடாது. உரிமம் பெற்ற செட் வைத்திருக்கும் பயண அமைப்பாளரோடு கடலுக்குப் போவதுதான் புதியவர்களுக்குச் சுலபமான வழி.

இன்னொன்று. ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள காடுகள் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டியவை. சொந்தக் கயாக்கை வண்டி மேல் கட்டிக்கொண்டு போய் இஷ்டத்துக்கு இறக்க முடியாது. ஆறும் சும்மா விடாது. கர்நாடக அணைகள் நிரம்பி உபரிநீர் திறந்தால், பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து சில நாட்களிலேயே பல மடங்காகும். 2024 ஜூலை கடைசியில் அது 1 லட்சம் கன அடியைத் தாண்டியது. ஜூலை 30-ல் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. இப்படி வெள்ளம் வரும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடுகிறது. அந்தத் தடை அறிவிப்பைக் கேட்டு கரையிலேயே நிற்பதைவிடப் பெரிய பாதுகாப்புச் சாதனம் ஒகேனக்கல்லில் எதுவும் இல்லை.

சரி, கடலுக்கே போவோம்.

பேட்டரி எங்கே போகிறது?

கையடக்க செட் ஒன்றின் பெட்டியில் ‘14 மணி நேரம்’ என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

வழக்கமான கணக்கு 5 – 5 – 90. அதாவது நூறு நிமிடத்தில் 5 நிமிடம் பேசுவது, 5 நிமிடம் பிறர் பேச்சைக் கேட்பது, மீதி 90 நிமிடம் செட் சும்மா காத்திருப்பது. மூன்றுக்கும் மின்சாரச் செலவு ஒன்றல்ல. 1,800 எம்.ஏ.எச். லித்தியம் அயன் பேட்டரி உள்ள ஒரு செட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 5 வாட்டில் பேசும்போது சுமார் 1,500 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஒலிபெருக்கியில் கேட்கும்போது 250. காத்திருக்கும்போது 40. மாடலுக்கு மாடல் இது மாறும் என்றாலும் விகிதம் ஏறக்குறைய இப்படித்தான்.

5 – 5 – 90 கணக்கில் சராசரியாக மணிக்கு 124 மில்லி ஆம்பியர் செலவு. 1,800-ஐ அதால் வகுத்தால் பதினான்கரை மணி நேரம். பெட்டியில் போட்டது பொய் இல்லை.

இப்போது ஒரு நிஜமான மோசமான நாளை எடுத்துக்கொள்வோம். காற்று திடீரெனத் திரும்பிவிட்டது. ஒருவர் பின்தங்கிவிட்டார். ‘எங்க இருக்க?’, ‘கேக்குதா?’, ‘லெஃப்ட்ல வா’ என்று செட் ஓயாமல் பேசுகிறது. பேச்சு 20 சதவீதம், கேட்பது 20 சதவீதம் என்று ஆனாலே சராசரிச் செலவு 374 மில்லி ஆம்பியருக்கு ஏறிவிடும். பதினான்கரை மணி நேரம் ஐந்து மணி நேரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். முந்நூறு, ஐந்நூறு முறை சார்ஜ் போட்டு இறக்கிய பேட்டரியில் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்திருக்கும். நான்கு மணி நேரம் தாங்கினால் பெரிது.

சிக்கல் எங்கே என்றால், செட் அதிகம் தேவைப்படும் நாளில்தான் அது சீக்கிரம் தீரும். பெட்டியில் உள்ள எண் அமைதியான நாளுக்கானது.

செலவைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. பக்கத்துக் கயாக்கோடு பேச 5 வாட் தேவையே இல்லை. 1 வாட் போதும். உட்கார்ந்த நிலையில் கையில் இருக்கும் ஆன்டெனா தண்ணீரிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்துக்கு ரேடியோ தொடுவானம் 4 கி.மீ. சொச்சம், இரண்டு கயாக்குகளுக்கு இடையே அதிகபட்சம் 8 கி.மீ. அதற்கு மேல் கடலின் வளைவு மறைத்துவிடும், வாட்டைக் கூட்டிப் பயனில்லை. ஆனால் கரையில் 60 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தால் கணக்குப்படி 35 கி.மீ. வரை வாய்ப்பிருக்கிறது. 5 வாட்டை அந்த அழைப்புக்கு மிச்சம் வையுங்கள்.

‘ஸ்குவெல்ச்’ எனும் குமிழைக் குறைத்து வைத்தால் செட் ‘உஸ்ஸ்ஸ்’ என்று இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்கும் கேட்பதற்கான 250 மில்லி ஆம்பியர் செலவாகிறது. காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஆறு மடங்கு எரித்துக்கொண்டிருப்பார்கள். எல்லாச் சேனல்களையும் தேடும் ‘ஸ்கேன்’ வசதியும் அப்படியே, செட்டைத் தூங்க விடாது. ஐந்து பேர் போகும் குழுவில் முன்னால் போகிறவர், கடைசியில் வருகிறவர் ஆகிய இருவரின் செட் மட்டும் ஓடினால் போதும். மற்ற மூன்றும் அணைத்து வைக்கப்பட்ட, முழு சார்ஜ் உள்ள உபரி செட்கள். காசு செலவில்லாத பேக்கப் இதுதான்.

பவர்பேங்க் ஏன் போதாது?

எண்ணை மட்டும் பார்த்தால் பவர்பேங்க் பிரமாதம். 10,000 எம்.ஏ.எச். பவர்பேங்க்கின் உள்ளே இருப்பது 3.7 வோல்ட் செல்கள். அதாவது 37 வாட்-மணி ஆற்றல். ரேடியோவின் பேட்டரி 7.4 வோல்ட், 1,800 எம்.ஏ.எச்.; அது 13 வாட்-மணி சொச்சம். மாற்றத்தில் வீணாவது போக இரண்டு முறை முழு சார்ஜ் போட்டுவிடலாம்.

கயாக்கில் உட்கார்ந்து அதைச் செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். பல செட்கள் தனித் தொட்டிலில் உட்கார வைத்தால்தான் சார்ஜ் ஏறும், யு.எஸ்.பி. துளையே இருக்காது. துளை உள்ள செட்டிலும் அதன் ரப்பர் மூடியைத் திறந்த நொடியே நீர்ப்புகாத தன்மை போய்விடுகிறது. ஐ.பி.எக்ஸ்.7 என்ற முத்திரை, 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்கிறது. அதுவும் எல்லா மூடியும் சரியாக மூடியிருந்தால். மூடி திறந்து, உள்ளே மின்சாரம் பாயும் ஊசியில் உப்புத் தண்ணீர் பட்டால் அரிப்பு வேலையைத் தொடங்கிவிடும். போதாததற்கு, சார்ஜ் ஏற மூன்று நான்கு மணி நேரம் ஆகும். ஆபத்தில் இருப்பவருக்கு அத்தனை நேரம் கிடையாது.

பவர்பேங்க் கரைக்கு உரியது. இரவு தங்கும் இடத்தில், காய்ந்த கையோடு, மறுநாளுக்காக சார்ஜ் போட அது நல்ல சாமான். தண்ணீரின் மேல் உண்மையான பேக்கப் என்றால் நொடியில் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

அந்த வகையில் முதல் இடம் அதே மாடலுக்கான இரண்டாவது லித்தியம் பேட்டரிக்கு. முழு சார்ஜ் போட்டு, முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி சிறு டப்பாவில் வைத்து, நீர்புகாப் பைக்குள் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் கட்டிவைக்க வேண்டும். கயாக்கின் பின்பக்க அறைக்குள் பூட்டி வைத்தால் அது இருந்தும் இல்லாததுதான். செட் மிதக்கும், தனியாக விழும் பேட்டரி மூழ்கும். ஆகவே மாற்றும்போது இரண்டு கயாக்குகளை ஒட்டி நிறுத்தி, பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்ள, மடியில் துண்டு விரித்து மாற்றுவது அனுபவசாலிகளின் வழக்கம். குழுவில் எல்லோரும் ஒரே மாடல் செட் வைத்திருந்தால் இவர் பேட்டரி அவருக்கும் ஆகும். வாங்கும் முன்பே நண்பர்கள் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

இரண்டாவது, பென்சில் செல் போடும் தட்டு. சில மாடல்களுக்கு லித்தியம் பேட்டரிக்குப் பதிலாக மாட்டும் இந்தத் தட்டு தனியாகக் கிடைக்கும். பொதுவாக ஐந்து அல்லது ஆறு செல் பிடிக்கும். இதன் பெரிய பலம், எந்தப் பெட்டிக்கடையிலும் செல் கிடைக்கும். பிரிக்காமல் வைத்தால் ஆண்டுக் கணக்கில் கெடாது. சார்ஜ் போட மறந்தோமா என்ற கவலையே இல்லை.

பலவீனங்களும் உண்டு. அல்கலைன் செல்லால் ஒரே இழுப்பில் நிறைய மின்னோட்டம் தர முடியாது. திரையில் பேட்டரி கோடு முழுதாகக் காட்டும். 5 வாட்டில் பேசும் பொத்தானை அழுத்தியதும் வோல்ட் சரிந்து செட் அணைந்துவிடும். அதனால் செல் தட்டு மாட்டியதும் செட்டை 1 வாட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சில செட்கள் தாமாகவே இறங்கிக்கொள்ளும். சுவர்க் கடிகாரத்துக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் போடும் விலை குறைந்த சாதாரண செல் இதற்கு ஆகவே ஆகாது. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்கள் இழுப்பைத் தாங்கும். ஆனால் ஒவ்வொன்றும் 1.5-க்குப் பதில் 1.2 வோல்ட்தான் தரும் என்பதால் செட் ஏற்றுக்கொள்கிறதா என்று கையேட்டில் பார்க்க வேண்டும். லித்தியம் வகை பென்சில் செல் விலை அதிகம் என்றாலும் எடையிலும் ஆயுளிலும் அதுவே சிறந்தது. செல் தட்டு மாட்டிய செட் கனம் கூடி மிதக்காமல் போகலாம்; நீர்ப்புகாத தரமும் குறையலாம். கயிறு கட்டாமல் கையில் எடுக்கக் கூடாது.

ஒக்கி சொன்ன பாடம்

பேட்டரி எத்தனை இருந்தாலும் ஒரு கருவியை மட்டும் நம்பக் கூடாது என்பதைத் தமிழகக் கடற்கரை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி உருவானபோது கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் பல நாள் தங்கலில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை வந்தும் அவர்களுக்குச் சேரவில்லை. படகில் வயர்லெஸ் இருந்தவர்களுக்கும் அது எட்டும் தூரத்தில் கரை இல்லை. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து பிழைத்தவர்கள் உண்டு. தமிழகம், கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவே இல்லை.

அதன் பிறகு செயற்கைக்கோள் வழியே செய்தி போகும் கருவிகளின் மீது கவனம் திரும்பியது. மீன்வளம் மற்றும் கடல் எச்சரிக்கைத் தகவல்களைப் படகிலுள்ள மொபைலுக்குக் கொண்டுசேர்க்கும் ‘ஜெமினி’ கருவி 2019-ல் வந்தது. இஸ்ரோவின் ஆபத்து எச்சரிக்கைக் கருவி 2010 முதலே புழக்கத்தில் உள்ளது. 20,000-க்கும் மேற்பட்ட கருவிகள் மீனவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் படகின் அடையாளமும் இடமும் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல் படையின் மீட்பு மையத்தைச் சேரும். 2024-ல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி ஒருபடி மேலே போய், ‘உங்கள் அழைப்பு கிடைத்துவிட்டது’ என்று திருப்பிச் சொல்கிறது. தண்ணீரில் தவிக்கும் ஒருவருக்கு அந்த ஒற்றை வரி எவ்வளவு பெரிய விஷயம்! அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ல், மீன்பிடிப் படகுகளுக்கு 1 லட்சம் டிரான்ஸ்பாண்டர்கள் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது.

இவை மீன்பிடிப் படகுகளுக்கானவை. உல்லாசக் கயாக்குக்கு வராது. கயாக் பயணிக்கு இதற்கு இணையானது பி.எல்.பி. எனப்படும் தனிநபர் இருப்பிட அறிவிப்பான். உயிர்காக்கும் ஜாக்கெட் பாக்கெட்டில் அடங்கும். 406 மெகாஹெர்ட்ஸில் சர்வதேச மீட்புச் செயற்கைக்கோள்களுக்கு அழைப்பு விடும். அதன் பேட்டரியைப் பயணி தொடவே முடியாது. ஆண்டுக் கணக்கில் மூடியே கிடந்து, இயக்கினால் குறைந்தது 24 மணி நேரம் ஓட வேண்டும் என்பது விதி. யாரோடும் அரட்டை அடிக்க முடியாத கருவி என்பதால்தான் ஆபத்து நேரத்தில் அதன் பேட்டரி மிச்சம் இருக்கிறது. இதை இந்திய கட்டுப்பாட்டு மையத்தில் பதிவு செய்ய வேண்டும். சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசேஞ்சர் ஆகியவற்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அனுமதியில்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்ட சம்பவங்கள் உண்டு.

கிளம்பும் முன்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முழு சார்ஜ் போட்டு, செட்டைச் சும்மா ஆன் செய்து வைத்து, எத்தனை மணிக்கு அணைகிறது என்று குறித்துக்கொள்வது. பேசும் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம். மலைக்கு நடுவே இருக்கும் பென்னாகரத்திலும் சேனல் 16 விளையாட்டுக்கு அல்ல. புதிதாக வாங்கியபோது வந்த நேரத்தோடு ஒப்பிட்டால் பேட்டரியின் வயது தெரிந்துவிடும். பாதியாகிவிட்டால் அதை மாற்றும் நேரம் வந்தாச்சு. இரண்டு பேட்டரி இருந்தால் ‘1’, ‘2’ என்று பெயின்ட் பேனாவில் எழுதி மாறி மாறிப் பயன்படுத்தினால் இரண்டும் பழகிய நிலையில் இருக்கும். ஒன்றைப் பெட்டியிலேயே பூட்டி வைத்தால், தேவைப்படும் நாளில் அது காலியாகக் கிடக்கும்.

ஆபத்து அழைப்பு விடும்போது ‘மேடே’ மூன்று முறை, கயாக்கின் அடையாளம், உடனே இருக்கும் இடம், பிறகு என்ன ஆனது, எத்தனை பேர். இடத்தைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். நடுவில் செட் அணைந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருந்தால் தேட வருவார்கள். அந்த இடத்தைச் சொல்ல போன் உதவும். டவர் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், போனை ஃபிளைட் மோடில் போட்டு வைத்தால் அதன் சார்ஜும் நாள் முழுக்க நிற்கும்.

கரையில் ஒருவரிடம் போகும் பாதை, திரும்பும் நேரம், எத்தனை பேர், கயாக்கின் நிறம் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரம் தாண்டினால் அவர் அழைக்க வேண்டிய எண்கள்: கடலோரக் காவல் படை 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இந்தக் காகிதத்துக்கு பேட்டரியே தேவையில்லை.

ஊர் திரும்பியதும் செட்டை நல்ல தண்ணீரில் அலசி, பேட்டரியைக் கழற்றி, முனைகளைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். அடுத்த பயணம் மாதக் கணக்கில் தள்ளிப்போகும் என்றால் பேட்டரியை முழு சார்ஜில் வைக்காமல் பாதி அளவில் வைப்பது நல்லது. ஏப்ரல், மே வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் மறந்து வைத்த லித்தியம் பேட்டரி, கடலில் ஒரு முறைகூட நனையாமலேயே பாதி ஆயுளைத் தொலைத்துவிடும்.